அக்கா மகன் நியூட்ரலில் வைத்து எல்லை வரை முறுக்கிவிட்டான்: எஞ்சின் தப்பியிருக்குமா?

செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 10:42

வணக்கம். இன்று ஈப்போ சாலையில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் நான் பாயசத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், "மாமா, காரை நிழலில் மாற்றி நிறுத்துகிறேன்" என்று அக்கா மகன் சாவியை வாங்கிப் போனான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. என் கார். கியர் நியூட்ரலில். பயல் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்திருக்கிறான். சுற்றுவேக முள் ஆறாயிரத்தைத் தாண்டிப் போய் அங்கேயே நடுங்குகிறது. புகைக்குழாயிலிருந்து தட்தட்தட்டென்று பட்டாசுச் சத்தம். பின்னால் நாலு பையன்கள் கைதட்டுகிறார்கள். மொத்தம் 19 விநாடி. எண்ணிவிட்டேன்.

2019 புரோட்டான் சாகா, 1.3 லிட்டர், மேனுவல். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட்டைப் போன ஆண்டுதான் மாற்றினேன். வீட்டுக்கு ஓட்டிவந்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் காணொளியைப் பார்த்த பிறகு எல்லாச் சத்தமும் புதிதாகக் கேட்கிறது. உள்ளே ஏதாவது போயிருக்குமா? அவனிடம் இன்னும் பேசவில்லை. அக்காவிடமும்தான்.

சிவப்புக்கோடு | ஞாயிறு, இரவு 11:05

அண்ணா, பதற வேண்டாம். அந்தத் தட்தட் சத்தம் எஞ்சின் உடையும் சத்தமன்று, காப்பாற்றப்படும் சத்தம். சுற்றுவேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் வேலை செய்கிறது. சுற்றுவேகம் எல்லையைத் தொட்டதும் கணினி பெட்ரோலையோ தீப்பொறியையோ நிறுத்துகிறது. முள் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி விடுகிறது. விநாடிக்குப் பல முறை இப்படி நடப்பதால்தான் முள் நடுங்கியது.

உங்கள் எஞ்சின் தன் 95 குதிரைத்திறனையும் தருவது நிமிடத்துக்கு 5,750 சுற்றில். அங்கே போகவே கூடாது என்றால் அந்த எண்ணை விளம்பரத்தில் போட்டிருப்பார்களா? மேலும், நியூட்ரலில் சுமையே இல்லை. சும்மா சுற்றுகிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

தேத்தாரிக்_இனிப்புக்குறைவு | ஞாயிறு, இரவு 11:11

முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. பாயசம் கிடைத்ததா?

கரிக்கை | திங்கள், காலை 6:20

நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன், தம்பி. தூங்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பையன் எடுக்கும் முன் கார் எவ்வளவு நேரம் நின்றிருந்தது? எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சியை நீங்களே கடைசியாக எடுத்துப் பார்த்தது எப்போது? மறுநாள் காலையில் முதன்முதலாக எடுக்கும்போது, முதல் இரண்டு விநாடிகளுக்கு அடியிலிருந்து டொக்டொக்கென்று கேட்கிறதா?

செந்தூல்வாசி | திங்கள், காலை 7:48

கரிக்கை ஐயா, நன்றி. இரண்டரை மணி நேரம் நின்றிருந்தது. ஆனால் உச்சி வெயிலில். பானட்டில் கை வைக்க முடியாது, தோசை சுடலாம். ஆகவே எஞ்சின் சூடாகத்தான் இருந்திருக்கும். குச்சியை நான் பார்ப்பதில்லை, சர்வீசில் பார்க்கிறார்கள். இன்று காலை எடுத்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை.

கரிக்கை | திங்கள், காலை 8:15

பானட் சூடு வேறு, எண்ணெயின் சூடு வேறு. கோலாலம்பூரில் பலர் ஏமாறுவது இங்கேதான். "நம் ஊரில் பனியா பெய்கிறது, எஞ்சின் எப்போதும் சூடுதான்" என்பார்கள். வெயிலில் நின்ற காரின் எண்ணெய் 40 டிகிரியோ 50 டிகிரியோ இருக்கும். வேலை செய்யும்போது அது 90, 100 டிகிரியில் இருக்க வேண்டும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய எண்ணெயை எடுத்துக்கொண்டால்கூட, 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கெட்டியாக இருக்கும். பிஸ்டனும் அதன் முழு அளவுக்கு இன்னும் விரிந்திருக்காது. இந்த நிலையில் முறுக்குவது, படுக்கையிலிருந்து எழுப்பிய கையோடு ஆளைப் பத்துமலைப் படியில் ஓடவிடுவது மாதிரி.

இன்னொன்று. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடாகும், எண்ணெய்க்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

19 விநாடியில் எஞ்சின் செத்துவிடாது. இருந்தாலும் குச்சியை இன்றைக்கே பாருங்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து.

பிறைநிலா | திங்கள், மதியம் 1:02

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். சிவப்புக்கோடு தம்பி சொன்ன "நியூட்ரலில் சுமையே இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சக்கரத்துக்குச் சுமை இல்லை, சரி. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு?

6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று திரும்ப வேண்டும். இந்த 1.3 எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 73.4 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், உச்சியில் அது திரும்பும்போது புவியீர்ப்பைப் போல 1,800 மடங்குக்கும் மேற்பட்ட முடுக்கம் வருகிறது. பிஸ்டனும் அதை ராடோடு கோக்கும் ஊசியும் சேர்ந்து முந்நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால், ராடைப் பிடித்து இழுக்கும் விசை அரை டன்னைத் தாண்டும்.

சாலையில் ஓடும்போது, எரியும் வாயுவின் அழுத்தம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று பிஸ்டனைக் கீழே தள்ளி அந்த இழுவையைத் தணிக்கிறது. புகையை வெளியே தள்ளும் சுற்றில் தணிப்பதற்கு எதுவுமில்லை, காரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி, யாரும் இல்லாவிட்டாலும் சரி. ஆக ராடுக்கும் அதன் இரண்டு போல்ட்டுக்கும் நியூட்ரல் என்ற ஒன்று கிடையாது.

விசை சுற்றுவேகத்தின் இருமடியாக ஏறும். மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போனால் நாலு மடங்கு. ஆறாயிரத்திலிருந்து ஏழாயிரம்தானே என்று நினைத்தால் 36 விழுக்காடு கூடுதல்.

சிவப்புக்கோடு | திங்கள், மாலை 6:30

அக்கா, கணக்கு அருமை. அப்படியானால் ஹோண்டா எஸ்2000 எப்படி 9,000 சுற்று வரை போகிறது? 1999இல் வந்த கார். இங்கேகூடச் சில இன்னும் நல்ல உயிரோடு ஓடுகின்றன.

பிறைநிலா | திங்கள், இரவு 8:47

அந்த எஞ்சினை 9,000 சுற்றுக்கென்றே செய்தார்கள், அதுதான் விடை. அதில் பிஸ்டன் ஓட்டம் 84 மில்லிமீட்டர். 9,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். சாலைக் காருக்கு இது மிக அதிகம். செந்தூல்வாசி அண்ணனுடைய எஞ்சினை 6,500 சுற்றில் வைத்தால்கூட அது 16 மீட்டர்தான். என் பெரோடுவா மைவி 1.5 காரின் பிஸ்டன் ஓட்டம் 90.6 மில்லிமீட்டர், அதே 6,500இல் ஏறக்குறைய 20 மீட்டர் வரும். ஆகவே இந்த மூன்றில் சாகாதான் நிம்மதியான எஞ்சின். இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

எல்லையைத் தொட்டதற்காக எஞ்சின் உடையாது. வடிவமைப்பாளர் சிவப்புக் கோட்டைப் போடும்போதே ராட், வால்வு ஸ்பிரிங், பேரிங் எல்லாவற்றுக்கும் இடம் விட்டுத்தான் போடுகிறார். எல்லையில் போய்க் குடியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முந்தும்போது ஒரு விநாடி தொட்டுவிட்டுக் கியர் மாற்றுவது ஒன்று. 19 விநாடி சுவரில் முட்டி முட்டி நிற்பது வேறு. வெட்டி வெட்டி விடும் ஒவ்வொரு முறையும் கிராங்க்‌ஷாஃப்ட், பெல்ட், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் ஓர் உலுக்கு வாங்குகின்றன.

லோரிக்காரர் | திங்கள், இரவு 9:30

நாங்கள் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டிச் செய்துகொள்கிறோம். வர்த்தக வாகனப் பரிசோதனையில் டீசல் புகை பார்க்கும்போது, நியூட்ரலில் வைத்து, சுற்றுவேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிறுத்தும்வரை முழு மிதி மிதிக்க வேண்டும். ஒரு முறையன்று, பல முறை. புகையின் அடர்த்தி 50 எச்.எஸ்.யு. என்ற அளவைத் தாண்டினால் தோல்வி. என் மூன்று லோரிகளும் இப்படி எத்தனையோ முறை மிதிபட்டிருக்கின்றன. ஒன்றின் எஞ்சினையும் இன்னும் பிரிக்கவில்லை.

ஆனால் என் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது நேராக வீட்டிலிருந்து போகமாட்டோம். அரை மணி நேரம் சுற்றிவிட்டு, எண்ணெய் சூடான பிறகுதான் உள்ளே விடுவோம். முதல் நாள் பெல்ட்டையும் எண்ணெயையும் பார்த்துவிடுவோம். பழைய பெல்ட்டோடு போய் அங்கேயே அறுந்து, இழுவை வண்டியில் திரும்பிய ஆளை எனக்குத் தெரியும்.

தேத்தாரிக்_இனிப்புக்குறைவு | திங்கள், இரவு 10:15

2016இல் செப்பாங் எஃப்1 பந்தயத்தில் புல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹாமில்டனின் கார் கண்ணெதிரே பின்னால் தீ கக்கிக்கொண்டு நின்றது. விதிப்படி அந்த எஞ்சின்களுக்கு எல்லை 15,000 சுற்று. பந்தயத்தில் அவ்வளவு தூரம் போவதே இல்லை. ஆக, எல்லைக்குப் போகாமலேயே போனது. போனது எது? கனெக்டிங் ராட் பேரிங். பிறகு அவர்களே சொன்னார்கள். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற அந்த மெல்லிய தகடு.

பாயசம் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

மலைப்பாதை | செவ்வாய், காலை 9:05

இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு இறங்குகிறேன். கால் எதையும் மிதிக்கவில்லை, ஆனாலும் முள் 4,500க்குப் போய்விடுகிறது. என் கணவர் "எஞ்சினைக் கொல்கிறாய், டி-யில் போட்டு பிரேக் பிடி" என்று கூடவே கத்திக்கொண்டு வருகிறார். இதுவும் அந்தப் பையன் செய்ததும் ஒன்றா?

கரிக்கை | செவ்வாய், காலை 9:40

இல்லையம்மா. நீங்கள் செய்வதே சரி, கணவரிடம் இதைக் காட்டுங்கள். அந்த இறக்கத்தில் எஞ்சினில் எதுவும் எரிவதே இல்லை. கால் எடுத்ததும் கணினி பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எண்ணெய் சூடாக இருக்கிறது, 4,500 எல்லையிலிருந்து தூரத்தில் இருக்கிறது. பிரேக்கையே நம்பி இறங்கினால் கீழே வரும்போது கரிந்த வாடை வரும், அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அந்த மலையில் நடந்த விபத்துகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கொஞ்சம் எண்ணெய் உறிஞ்சப்படலாம், அதுவும் பழைய எஞ்சினில். ஒரு பிரேக் பட்டையின் விலைகூட வராது.

பிறைநிலா | செவ்வாய், மதியம் 1:20

இரண்டாம் கியர் என்றதும் நினைவுக்கு வருகிறது. லிமிட்டரால் காப்பாற்ற முடியாத ஓர் இடம் உண்டு, அதை நானே பார்த்துவிட்டேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச் சாலை. அப்பாவின் பழைய மேனுவல் கார், டுரியான் ஏற்றிய வேன் ஒன்று முன்னால். முந்துவதற்கு மூன்றாம் கியரில் 5,500 வரை ஏற்றினேன். அடுத்தது நாலு. நேராகக் கீழே இழுக்க வேண்டியதுதான். பதற்றத்தில் கை இடப்பக்கம் சாய்ந்தது. கிளட்சை விட்டேன். நாலு என்று நினைத்து நான் போட்டது இரண்டு.

கார் முன்னால் குத்தி நின்றது போல் இருந்தது. எஞ்சின் போட்ட அலறலை இப்போதும் என்னால் கேட்க முடியும். ஒரு விநாடிகூட இருக்காது, கிளட்சை மிதித்துவிட்டேன். மூன்றாம் கியரின் விகிதம் 1.3, இரண்டாவது 1.9 என்று வையுங்கள்: எஞ்சின் 8,000 சுற்றைத் தாண்டியிருக்கும். அங்கே லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியவில்லை. பிஸ்டன் வந்து முட்டியது. இரண்டு வால்வு வளைந்தது. மூன்று சிலிண்டரில் தள்ளாடித் தள்ளாடிக் கடைத்தெரு வரை வந்தோம். வேன்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது கையசைத்துவிட்டுப் போனார். அப்பா திட்டவில்லை. "எஞ்சினின் மேல்பாகம், ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஆகவே அண்ணா, பையன் கியரில் போட்டு விளையாடவில்லை என்பதற்காகவாவது சந்தோஷப்படுங்கள்.

ஜாலான்_காசிங் | செவ்வாய், இரவு 7:55

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நன்றாக இழுத்துவிட்டால் உள்ளே படிந்த கரியெல்லாம் எரிந்து போகும் என்று பட்டறையில் சொல்வார்களே? அப்படிப் பார்த்தால் பையன் நல்லதுதானே செய்திருக்கிறான்?

கரிக்கை | செவ்வாய், இரவு 8:30

நானும் அதைச் சொல்லும் ஆள்தான். ஆனால் அது சுமையோடு, சூடான எஞ்சினில், காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இழுக்கிற கதை. அப்போதுதான் உள்ளே வெப்பம் ஏறிக் கரி இளகும். நின்ற இடத்தில் முறுக்கினால் சத்தம்தான் மிச்சம், ரேடியேட்டருக்குப் போதிய காற்றும் வராது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினாக இருந்தால் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, உள்ளிழுக்கும் வால்வின்மேல் படுவதே இல்லை; அந்தக் கரி எவ்வளவு இழுத்தாலும் முழுதாகப் போகாது, கையால்தான் சுரண்ட வேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஐந்தாம் கியரில் 1,200 சுற்றில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று மேட்டில் முழு மிதி மிதிக்கிறவர்கள். கார் திக்கித் திக்கி ஏறும். டர்போ எஞ்சினில் அது இன்னும் மோசம், நேரம் தவறி எரிந்து பிஸ்டனையே உடைக்கும். நான் பிரித்துப் பார்த்த பேரிங்குகளில் முறுக்கிச் செத்ததைவிட முக்கவைத்துச் செத்ததும், எண்ணெய் இல்லாமல் செத்ததும்தான் அதிகம்.

சிவப்புக்கோடு | செவ்வாய், இரவு 11:48

சரி, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு என் காரில் எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி எழுதிக்கொடுத்தார் ஒருவர். கால் எடுத்தால் பட்டாசு வெடிக்கும், எல்லையைத் தொட்டால் தீப்பொறியை மட்டும் வெட்டும். பெட்ரோல் நிற்காது. எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குப் போய் அங்கே எரிகிறது. எட்டு மாதத்தில் கார் இழுக்கவே மறுத்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தால், தேன்கூடு மாதிரி இருக்க வேண்டியது உருகி ஒரு பக்கம் அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா ரசீதைக் காட்டச் சொன்னார்.

அண்ணா, உங்கள் காரில் யாரும் கை வைத்திருக்காத வரை இந்தக் கவலை வேண்டாம்.

கரிக்கை | புதன், காலை 6:10

செந்தூல்வாசி, குச்சி?

செந்தூல்வாசி | சனி, மாலை 5:25

மன்னிக்கவும், வாரம் முழுக்க வேலை. இன்று காலை பசியாறிவிட்டு, அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை.

முதலில் குச்சி. துடைத்து, விட்டு, எடுத்தார் மெக்கானிக். நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு. கீழ்க்கோட்டுக்கும் கீழே. இரண்டாம் முறையும் அதே. நிரப்ப 1.2 லிட்டர் பிடித்தது. சர்வீஸ் சீட்டைப் பார்த்தால் எண்ணெய் மாற்ற வேண்டிய கெடு தாண்டி 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அது பையனின் தவறு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவனுக்கும்.

நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதித்தார்: 180, 178, 180, 176 பி.எஸ்.ஐ. நன்றாக இருக்கிறது என்றார். பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மின்னும் துகள் எதுவும் இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பரில் ஒன்று பிளந்திருந்தது. இப்போது பிளந்ததா, முன்பே பிளந்திருந்ததா என்று சொல்ல முடியாது என்றார். மாற்றியாயிற்று.

கரிக்கை ஐயா, ஒரு கேள்வி. அந்த 19 விநாடியில் அந்த அளவு எண்ணெயோடு உள்ளே என்ன நடந்திருக்கும்?

கரிக்கை | சனி, இரவு 7:00

அதிகச் சுற்றில் பம்ப் எண்ணெயை வேகமாக மேலே ஏற்றிவிடும், அதே வேகத்தில் அது கீழே வடியாது. தொட்டியில் ஏற்கெனவே குறைவு. இன்னும் கொஞ்சம் நேரம் மிதித்திருந்தால் உறிஞ்சும் குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்திருக்கும். நம் தேத்தாரிக் சொன்னாரே செப்பாங் பேரிங், அதன் கதிதான் உங்கள் பேரிங்குக்கும். துணியில் துகள் இல்லை என்பதால் அந்த இடம் வரை போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எண்ணெயை மறுபடி ஒருமுறை துணியில் பாருங்கள். காலை முதல் சத்தத்தையும் கேளுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு.

பழைய ரப்பரைப் பையன் கையில் கொடுத்தீர்களா?

செந்தூல்வாசி | சனி, இரவு 7:40

கொடுத்தேன் ஐயா. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். குச்சியைத் துடைத்துப் பார்க்கும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். அக்காவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அப்படியே இருக்கட்டும்.

தேத்தாரிக், பாயசம் தீர்ந்துவிட்டது.

தேத்தாரிக்_இனிப்புக்குறைவு | சனி, இரவு 7:42

சேதம் அங்கேதான்.